பேய்ப் படங்களில் தூக்கிவாரிப் போடும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்று: கதையை எல்லாம் போட்டு உடைத்துவிடுவீர்களா?

சில படங்களுக்கு உடைத்துத்தான் ஆக வேண்டும். 'சைக்கோ' வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது, அதற்கெல்லாம் இனி ரகசியம் காக்க முடியாது. 'பீட்சா' முடிவை மட்டும் சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படம் முழுக்க மறந்துபோய், ஒரே ஒரு காட்சி மட்டும் ஏன் வருடக்கணக்கில் மனதில் நிற்கிறது?

அந்தக் காட்சி பெரும்பாலும் நாம் தினமும் செய்கிற ஏதோ ஒரு காரியத்தைத் தொட்டிருக்கும். குளிப்பது, டிவி பார்ப்பது, லிஃப்டில் ஏறுவது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போவது. காட்டுக்குள் இருக்கும் பாழடைந்த பங்களாவுக்கு நாம் யாரும் போகப்போவதில்லை, அதனால் பங்களாப் பேய் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுகிறது. குளியலறையில் வந்த பேய் அப்படி இல்லை, நம்மோடு வீட்டுக்கே வந்துவிடும்.

இன்னொரு விஷயம், என் கணக்கில் இதுதான் முக்கியம்: பேய் முகம் காட்டிய நொடியை விட அதற்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. எங்கே பார்க்க வைக்கிறார்கள், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், எந்தச் சத்தத்தை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். மேக்கப் எவ்வளவு கோரமாக இருந்தாலும் அந்த அரை நிமிடம் சரியாக அமையவில்லை என்றால் தியேட்டரில் சிரிப்புதான் வரும்.

ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீரென்று தூக்கிவாரிப் போட வைக்கும் இடம், இதை யார் ஆரம்பித்தது?

இன்னார்தான் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆனால் பாடம் மாதிரி எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டுவது 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் எடுத்த 'கேட் பீப்பிள்' படத்தின் ஒரு காட்சியை. இயக்குநர் ஜாக் டூர்னர், தயாரிப்பாளர் வால் லூட்டன். ஆலிஸ் என்ற பெண் ராத்திரியில் பூங்கா மதில் ஓரமாகத் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தி தொடர்கிறாள், அவள் கோபம் வந்தால் கருஞ்சிறுத்தையாக மாறுகிறவளாக இருக்கலாம் என்ற சந்தேகம் நமக்கு ஏற்கெனவே உண்டு. பின்னணி இசையே கிடையாது. இரண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம் மட்டும் கேட்கிறது. டக் டக் என்று வந்துகொண்டிருந்த இரண்டாவது ஜோடி ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை எட்டிப் போடுகிறாள், தெருவிளக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறி ஓடுகிறாள், அந்த நேரம் பார்த்து 'ஷ்ஷ்ஷ்' என்று சிறுத்தை சீறுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வருகிறது ஒரு... பஸ். பிரேக் போட்ட சத்தம், அவ்வளவுதான்.

படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் செய்த வேலை இது. அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த படங்களில் இந்த மாதிரி பொய்ப் பயம் வரும் இடத்துக்கெல்லாம் 'பஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்று அலமாரியைத் திறந்ததும் பூனை குதிப்பது, தோளில் கை விழுந்து பார்த்தால் நண்பனாக இருப்பது எல்லாம் அந்த பஸ்ஸின் பேரன் பேத்திகள்தான்.

வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்தும் ஏன் உடம்பு துள்ளுகிறது? ரெண்டாவது தடவை பார்க்கும்போது கூட?

ஏனென்றால் துள்ளுவது உங்கள் புத்தியைக் கேட்டு நடப்பதில்லை. திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத்தண்டு வழியாக நேராகத் தசைகளுக்குப் போய்விடும். கண் சிமிட்டுவது, தோள் உயர்வது, கழுத்து உள்ளே இழுபடுவது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். கண் சிமிட்டல் மட்டும் பார்த்தால் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் ஆரம்பித்துவிடுகிறது. 'இது படம்தானே' என்று மூளையின் மேல்மாடியில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் கீழ்மாடியில் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

அதோடு, ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும் ஆளுக்கு அதே சத்தம் இன்னும் பெரிய துள்ளலைக் கொடுக்கும். ஆய்வுக்கூடத்தில் பலமுறை உறுதி செய்யப்பட்ட சங்கதி இது. அதனால்தான் நல்ல இயக்குநர் முதலில் உங்களைப் பதற்றத்தில் ஊறவைத்துவிட்டு அப்புறம் சத்தத்தைப் போடுகிறார், சோம்பேறி இயக்குநர் ஊறவைக்காமல் சத்தத்தை மட்டும் கூட்டுகிறார். இரண்டிலும் நாம் துள்ளுவோம். ஆனால் முதலாமவர் படத்தில் துள்ளிய பிறகும் பயம் போகாது, இரண்டாமவர் படத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

'சைக்கோ' குளியலறைக் காட்சியை ஏன் இன்னமும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே.

இப்போது பார்ப்பவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த காட்சி, அதுதான் சிக்கல். 1960இல் போய் உட்கார்ந்த ஆளை நினைத்துப் பாருங்கள். போஸ்டரில் இருக்கும் பெரிய நட்சத்திரம் ஜேனட் லீ. அவர் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறார், மாட்டுவாரா மாட்டமாட்டாரா என்று கதை போகிறது, கடைசியில் மனம் மாறி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்துக் குளிக்கப் போகிறார். படம் பாதிகூட ஆகவில்லை. கதாநாயகியை அங்கே கொல்லுவார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. இனிமேல் யாரைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்ப்பது என்றே தெரியாமல் ஜனங்கள் விழித்தார்கள். படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று இயக்குநர் ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னதும் இதனால்தான், லேட்டாக வருகிறவர் 'ஜேனட் லீ எப்போ வருவாங்க' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அல்லவா.

எடுத்த விதத்தைப் பாருங்கள். திரையில் சில நிமிடங்கள் ஓடுகிற அந்தக் காட்சிக்கு 1959 டிசம்பரில் ஒரு வாரம் செலவழித்தார்கள். கத்தி உடம்பில் இறங்குவதைக் கிட்டத்தட்ட காட்டவே இல்லை. கத்தி, கை, வாய், தண்ணீர், திரைச்சீலை என்று துண்டு துண்டாக வெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள், குத்துவதை நம் மனசே ஒட்டவைத்துக்கொள்கிறது. ரத்தம் சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கறுப்பாகத் தெரிந்தால் போதும். குத்தும் சத்தத்துக்கு ஒரு வகை முலாம்பழத்தில் கத்தியை இறக்கிப் பதிவு செய்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த இடத்துக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து அந்தக் கீச்சிடும் இசையைப் போட்டுக் காட்டினார், மனிதர் உடனே மனம் மாறிவிட்டார். இசை இல்லாமல் அந்தக் காட்சி இவ்வளவு காலம் நின்றிருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஜேனட் லீயே படத்தைப் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். தானே நடித்த காட்சி, சாக்லேட் சிரப் என்றும் தெரியும், இருந்தும்!

'எக்சார்சிஸ்ட்' பார்த்து ஆட்கள் மயங்கி விழுந்தார்கள் என்பது விளம்பரக் கட்டுக்கதையா?

விழுந்தது உண்மை. 1973 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் வெளியானது, நடுக்குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று உள்ளே போனார்கள், வாந்தி எடுத்தவர்கள், மயங்கியவர்கள், பாதியில் எழுந்து ஓடியவர்கள் பற்றி அன்றைய செய்திகளில் நிறைய வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் வரிசையில் போய் நின்றார்கள் என்பதும் உண்மை.

ஆனால் எந்த இடத்தில் மயங்கினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். தலை முழுச் சுற்று சுற்றுவது, பச்சை வாந்தி எல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும், அதில் இல்லை. ஆஸ்பத்திரிக் காட்சியில்தான் பலரால் தாங்க முடியவில்லை. பேய் பிடித்த சிறுமி ரீகனின் கழுத்தில் ஊசியைக் குத்தி ரத்தக்குழாய்ப் படம் எடுப்பார்கள், ரத்தம் பீச்சி அடிக்கும், பிறகு அந்த இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொள்ளும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை, வெறும் மருத்துவப் பரிசோதனை.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரணப் பயம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அதனால் பயத்தில் மட்டும் மயங்குவது குறைவு. ஊசி, ரத்தம் பார்த்தால் சிலருக்கு நேர் எதிராக நடக்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மூளைக்கு ரத்தம் குறைந்து ஆள் சரிந்துவிடுவார். ரத்தப் பரிசோதனைக்குப் போய் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுகிறவர்கள் நம் வீட்டிலும் இருப்பார்கள், அதே கதைதான். 2016இல் டொரான்டோ திரைப்பட விழாவில் 'ரா' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூப்பிட வேண்டி வந்ததே, அதிலும் பேய் கிடையாது, சதையும் ரத்தமும்தான்.

படம் பார்த்து மனநிலை பாதிக்கப்பட்டு சிகிச்சைக்கு வந்த நாலு பேரைப் பற்றி 1975இல் ஒரு மனநல மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. நாடு முழுக்கப் பார்த்த படத்துக்கு நாலு பேர், இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லூமியர் சகோதரர்களின் ரயில் படத்தைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்களாமே?

நல்ல கதை. நடந்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. 1896 ஜனவரியில் திரையிடப்பட்ட ஐம்பது வினாடிப் படம் அது, ரயில் ஓரமாகப் போகிறது, நேராக நம் மேல் வரக்கூட இல்லை. ஆச்சரியப்பட்டிருப்பார்கள். கதவை உடைத்துக்கொண்டு ஓடினார்கள் என்பது பிற்பாடு சேர்ந்த கண் காது மூக்கு.

பேயைக் காட்டாமலே பயமுறுத்த முடியுமா?

காட்டாமல் இருந்தால்தான் நன்றாகப் பயமுறுத்த முடியும், ஆனால் அதற்குத் தைரியம் வேண்டும். சில சமயம் அந்தத் தைரியம் கட்டாயத்தில் வருகிறது. 'ஜாஸ்' படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல் உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே எடுத்தார். ஒரு துடுப்பு, மிதக்கும் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் இரண்டே இரண்டு ஸ்வரம். படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் சுறாவின் முகத்தையே ஒழுங்காகப் பார்க்கிறோம்.

இந்தப் படத்தில் இன்னொரு கதை இருக்கிறது, பேய்ப் படம் எடுக்க நினைப்பவர்கள் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். போலீஸ் அதிகாரி சலிப்போடு கடலில் இரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, சுறா திடீரென்று பின்னாலிருந்து தலையைத் தூக்கும் காட்சிக்கு முன்னோட்டத் திரையிடலில் தியேட்டரே அலறியது. ஸ்பீல்பெர்க்குக்கு ஆசை விடவில்லை, இன்னொரு அலறல் வேண்டும் என்றார். மூழ்கிய படகின் ஓட்டையிலிருந்து செத்தவனின் தலை வெளியே வரும் காட்சியைத் திரும்ப எடுக்க நினைத்தார், ஸ்டுடியோ காசு தர மறுத்துவிட்டது. தன் கைக்காசு மூவாயிரம் டாலரைப் போட்டு, படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் பால் பவுடரைக் கலக்கித் தண்ணீரைக் கலங்கலாக்கி எடுத்து முடித்தார். தலை வந்த இடத்தில் தியேட்டர் கூரை பிய்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த சுறாக் காட்சிக்கு முன்பு வந்த அலறலில் பாதிதான் வந்ததாம், அவரே சொன்னது இது. தலையைப் பார்த்த பிறகு ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள், படத்தை நம்புவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஜம்ப் ஸ்கேர் வைத்துவிட்டு 'ஏன் பயமே வரவில்லை' என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) கடைசிக் காட்சியும் இதே வகைதான். ஒருவன் சுவர் மூலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். அவ்வளவே. படத்தின் ஆரம்பத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொன்ன வரி ஞாபகம் இருந்தால் குலை நடுங்கும், கவனிக்காமல் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு 'என்னய்யா முடிஞ்சு போச்சா' என்றுதான் இருக்கும். அந்தப் படத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு, இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் பார்த்த படத்தைத்தான் சொல்கிறார்கள்.

'ரிங்' படத்தில் டிவிக்குள்ளிருந்து வரும் காட்சி ஏன் அப்படி ஒரு அருவருப்பைத் தருகிறது?

1998இல் வந்த ஜப்பானிய மூலத்தைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், ஹிடியோ நகாடா எடுத்தது. அந்த நடையில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. விஷயம் என்னவென்றால், டிவிக்குள்ளிருந்து வரும் சடாகோ என்ற பேயாக நடித்த ரியே இனோ பின்பக்கமாக நடந்தார், அதை எடுத்துத் தலைகீழாக ஓட்டினார்கள். அவர் கபுகி நாடகப் பயிற்சி பெற்றவர், உடம்பை ஒவ்வொரு மூட்டாக மடக்கி அசைக்கத் தெரிந்தவர். எடை விழும் இடமும் கால் எடுக்கும் இடமும் மாறிப்போவதால் மனித நடை மாதிரியும் இருக்கிறது, இல்லை மாதிரியும் இருக்கிறது.

அமெரிக்காவில் 1976லேயே 'கேரி' படத்தின் கடைசிக் கனவுக் காட்சிக்கு இந்த வித்தையைச் செய்திருக்கிறார்கள். கல்லறைக்கு வரும் பெண் உண்மையில் பின்னோக்கி நடந்தாள். உற்றுப் பார்த்தால் பின்னணியில் ஒரு கார் ரிவர்ஸில் போவது தெரியும்!

'ரிங்' விஷயத்தில் இன்னொன்று. அதைப் பலரும் வீட்டில் கேசட்டில்தான் பார்த்தார்கள். சபிக்கப்பட்ட வீடியோ கேசட் பற்றிய படத்தை வீடியோ கேசட்டில், அதே மாதிரி டிவியில், அதே மாதிரி இருட்டு அறையில். தியேட்டரில் பார்த்தவர்களுக்குக் கூட இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு காட்சி சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், 'எக்சார்சிஸ்ட் 3' (1990), ஆஸ்பத்திரி வராந்தா. மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கியது. படம் சுமார்தான், அந்தக் காட்சி சுமார் இல்லை.

ராத்திரி. நீளமான வராந்தாவின் ஒரு கோடியில் கேமராவை வைத்துவிட்டு ஆளே போய்விட்ட மாதிரி அது அசையாமல் நிற்கிறது. தூரத்தில் நர்ஸ் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். காவலர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஏதோ சத்தம் கேட்டு நர்ஸ் ஒரு அறைக்குள் போகிறாள். டம்ளரில் ஐஸ் கட்டி உருகி விரிசல் விடும் சத்தம் என்று தெரிகிறது, அந்த நேரம் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து கத்த, நமக்கு ஒரு துள்ளல். சரி, ஜம்ப் ஸ்கேர் முடிந்தது என்று மூச்சை விடுகிறோம். கேமரா பழையபடி அதே கோடிக்குப் போய்விடுகிறது. நர்ஸ் மேசைக்கு வருகிறாள், காவலர் நகர்ந்துவிடுகிறார், அவள் இன்னொரு அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டுகிறாள். திரும்பி நடக்கிறாள். அப்போது அவளுக்குப் பின்னாலேயே, தலையோடு வெள்ளைத் துணி போர்த்திய ஒரு உருவம் கையில் பெரிய கத்தரியை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று வருகிறது. கேமரா சட்டென்று நெருங்குகிறது, கூடவே இசை. அடுத்த ஷாட்டில் தலையில்லாத ஒரு சிலை.

குத்தைக் காட்டவில்லை, ரத்தம் இல்லை. அந்த வராந்தாவில் எத்தனை கதவு இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். அதிலும் முதலில் ஒரு பொய்ப் பயத்தைக் கொடுத்து, நம் கையில் இருந்த எச்சரிக்கையை எல்லாம் செலவழிக்க வைத்துவிடுகிறார்கள்.

தமிழில் அந்த மாதிரி ஏதாவது?

பெரும்பாலானோருக்கு 'சந்திரமுகி' (2005)தான் ஞாபகம் வரும். வெளியே போக வேண்டாம் என்று பிரபு தடுத்ததும் ஜோதிகாவின் முகமும் குரலும் மாறி, கட்டிலைத் தூக்கி நிறுத்தும் இடம். பேயே இல்லாத படம் அது, கதைப்படி மனநோய். மலையாள மூலமான 'மணிச்சித்ரதாழ்' (1993) படத்தில் ஷோபனா செய்ததோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது தனி விளையாட்டு, நான் ஷோபனா கட்சி. ஆனால் ஒன்று, அதுவரை சாந்தமாகப் பேசிக்கொண்டிருந்த மனைவி கட்டில் அருகே நின்றுகொண்டு அப்படி மாறுகிறாள் என்பதில்தான் திகில் இருக்கிறது. மாளிகையின் பூட்டிய அறையில் இல்லை.

நுணுக்கம் என்று பார்த்தால் 'யாவரும் நலம்' (2009). மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் வேலை செய்யாது, கூட யாராவது இருந்தால் செய்யும். ரத்தம் இல்லை, கோர முகம் இல்லை, பி.சி.ஸ்ரீராம் கேமராவில் ஒரு நல்ல வெளிச்சமான ஃப்ளாட். டிவி சீரியலில் வருவது அப்படியே தன் வீட்டில் நடக்கிறது என்று அவருக்கு உறைக்கும் கட்டத்தில் நமக்கும் அடிவயிறு கலங்கும். வீட்டில் மதியம் சீரியல் ஓடாத தமிழ்க் குடும்பம் எங்கே இருக்கிறது? 'பீட்சா' (2012) விஷயம் வேறு, அங்கே எல்லாமே விஜய் சேதுபதி கையில் இருக்கும் டார்ச். வட்ட வெளிச்சத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நாமே கற்பனை செய்துகொள்கிறோம், இயக்குநருக்குச் செலவு மிச்சம்.

பயந்த அடுத்த நொடி ஏன் சிரிப்பு வருகிறது?

உடம்பு ஓடுவதற்குத் தயாராகிவிட்டது, நெஞ்சு படபடக்கிறது, ஆனால் ஓட வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த வேகம் எங்காவது போக வேண்டும், சிரிப்பாகவோ பக்கத்து ஆளை அடிப்பதாகவோ வெளியே வருகிறது. உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் சொன்னது இதுதான்: ஒரு காரணத்தால் ஏறிய கிளர்ச்சி உடனே அடங்காது, அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்து அதைப் பெரிதாக்கும். அதனால் சாதாரண ஜோக் கூட அந்த இடத்தில் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். 'காஞ்சனா' (2011) ஓடியதே இந்தக் கணக்கில்தான். பேய் என்றதும் அவ்வளவு பெரிய ஆள் லாரன்ஸ் தாவி அம்மா கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும்போது தியேட்டர் அதிர்ந்ததில் பாதி, அதற்கு முந்தைய நொடியின் பயம்.

நம் தியேட்டர்களில் இன்னொரு வகை உண்டு. படத்தில் நிசப்தம், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பின் வரிசையிலிருந்து ஒருத்தன் 'ஏய், பின்னாடி பாருடி' என்று கத்துவான். அவன்தான் அந்த அரங்கிலேயே அதிகம் பயந்தவன் என்பது என் அபிப்பிராயம்.

நடிகர்களே நிஜமாகப் பயந்த காட்சி உண்டா?

'ஏலியன்' (1979). ஜான் ஹர்ட்டின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஜந்து வரும் என்று நடிகர்களுக்குத் தெரியும், இவ்வளவு ரத்தம் பீச்சும் என்று ரிட்லி ஸ்காட் சொல்லவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் ரத்தம் அடித்ததும் அவர் அலறுவது நடிப்பில்லை. இப்போது இப்படிச் செய்தால் சங்கம் விடாது.

பயமாக இருக்கும் என்று தெரிந்தே ஏன் காசு கொடுத்துப் போகிறோம்?

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்குழு இருக்கிறது. ஒரு பேய் வீட்டுக் கேளிக்கை அரங்குக்கு வந்த 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வெளியானது. பயம் மிகக் குறைவாக இருந்தாலும் சந்தோஷம் குறைவு, மிக அதிகமாக இருந்தாலும் குறைவு, நடுவில் ஒரு இடத்தில்தான் ஆட்கள் அதிகம் ரசித்தார்கள். ஆளாளுக்கு அந்த நடு இடம் மாறும். நண்பருக்குப் பிடித்த படம் உங்களுக்கு ஒத்துவராமல் போவதில் வியப்பில்லை, அவரை 'சைக்கோ' என்று திட்ட வேண்டியதும் இல்லை.

எனக்கு எந்தப் பேய்ப் படத்துக்கும் பயமே வராது. நான் தைரியசாலியா?

இருக்கலாம். செல்போனை நோண்டிக்கொண்டே பார்க்கிறவராகவும் இருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தனியாக, ஹெட்போனில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இதயத்துக்கு, ரத்தத்துக்கு ஏதாவது கெடுதல் வருமா?

'ரத்தம் உறைந்துபோச்சு' என்று சொல்கிறோமே, அதை நெதர்லாந்தில் லெய்டன் மருத்துவர்கள் சோதித்தே பார்த்தார்கள். 24 இளைஞர்களுக்கு 'இன்சிடியஸ்' பேய்ப் படத்தையும், ஷாம்பெய்ன் தயாரிப்பு பற்றிய ஒரு ஆவணப்படத்தையும் காட்டி ரத்தம் எடுத்தார்கள். பேய்ப் படம் பார்த்தபோது ரத்தம் உறைய உதவும் காரணிகளில் ஒன்றான எட்டாம் காரணி கூடியிருந்தது, ஆனால் ரத்தம் உறையவில்லை. 2015இல் வந்தது அந்தக் கட்டுரை. ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, மற்றவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கவலையையே காசாக்கிய ஆள் ஒருவர் உண்டு, வில்லியம் காசல். 1958இல் 'மெக்காபர்' படத்துக்கு வருகிறவர் பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் என்று லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்து விளம்பரம் செய்தார். மறுவருடம் 'தி டிங்லர்' படத்துக்குச் சில நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் வைத்து அதிர வைத்தார்.

பார்த்துவிட்டு வந்தால் ரெண்டு நாள் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஜோன் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் கேட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 90 சதவீதம் பேர் சின்ன வயதிலோ பதின்வயதிலோ ஏதோ ஒரு படத்தால் பயந்து அது ரொம்ப நாள் தொடர்ந்ததாகச் சொன்னார்கள். நாலில் ஒருவருக்கு அதன் மிச்சம் இன்னமும் இருந்தது. 'சரியாகிவிடும்' என்று உங்களையே அதட்டிக்கொள்வதை விட அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது. சடாகோ பின்னால் நடந்து போவதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள், பாதிப் பயம் இறங்கிவிடும். அப்புறம் படுக்கைக்குப் போகும் முன் வேறு ஏதாவது பாருங்கள், வடிவேலு காமெடி அதற்குத்தான் இருக்கிறது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

மேலே சொன்ன ஆய்வாளர் கேன்டர் சொல்வதைக் கேட்டால், மிகச் சின்னக் குழந்தைகளுக்குப் பயம் தோற்றத்தைப் பார்த்து வருகிறது. உருவம் கோரமாக இருந்தால் அது நல்லது செய்தாலும் அழும். 'அது நிஜம் இல்லடா' என்பது அந்த வயதில் எடுபடாது, மடியில் வைத்துக்கொள்வதுதான் எடுபடும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் கதை வேறு, 'இது நம்ம வீட்ல நடந்தா?' என்ற யோசனை வந்துவிடுகிறது. பேய் காமெடிதானே என்று கைக்குழந்தையோடு இரவுக் காட்சிக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காமெடி உங்களுக்கு, சத்தம் அந்தக் குழந்தைக்கு.

பயமுறுத்தும் இடம் வரும்போது கண்ணை மூடுவதா, காதை மூடுவதா?

காதை. துள்ள வைப்பதில் பெரும்பங்கு சத்தத்தினுடையது, கண்ணை மட்டும் மூடிக்கொண்டால் உள்ளே உங்கள் கற்பனை ஓடும், அது அந்தப் படத்தின் பட்ஜெட்டை விடப் பெரியது. காதைப் பொத்திக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்துப் பாருங்கள், பல படங்களில் அந்தப் பேய் ரப்பர் முகமூடி என்று தெரிந்துவிடும். விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிற வழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இதுவரை பேய்ப் படமே பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

'யாவரும் நலம்' பாருங்கள், பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது. பிடித்தால் 'பீட்சா'. அதுவும் தாங்கினால் 'கேட் பீப்பிள்', அதில் அந்த பஸ் எங்கே வருகிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் துள்ளுகிறீர்களா என்று பாருங்கள். 'எக்சார்சிஸ்ட்' வரிசையில் கடைசியில் இருக்கட்டும், ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருகிறவர் என்றால் ஆஸ்பத்திரிக் காட்சியை ஓட்டிவிட்டுப் பாருங்கள், கதை ஒன்றும் குறையாது.